கித்தானும் நினைவுக்குறிப்பும்: விஜே லெ ப்ரனின் பயண ஆண்டுகளை வாசித்தல்

பிரெஞ்சு உருவ ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ரன் (1755–1842) குறித்த எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து முகந்தவை. அவர் எண்பது வயதை எட்டிய பருவத்தில், 1835 முதல் 1837 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த நினைவுக்குறிப்புகளே அவ்வூற்று. 1789இல் பாரிசை விட்டு நீங்கி 1802இல் திரும்பும் வரையிலான பன்னிரண்டு ஆண்டுப் பயண வாழ்வை அந்நூல் அரண்மனைகளும் விருந்துகளும் பாராட்டுகளுமாகவே காட்டுகிறது. அவரைப் போற்றுவோர் அதனை அப்படியே வழிமொழிகின்றனர். தூற்றுவோரும் அதே நூலைக் கொண்டு அவரை அரசவையின் முகமன் ஓவியராகக் குறுக்குகின்றனர். தம் தாய்மைப் புன்னகையையே வரைந்து சலிக்காதவர் என்று சிமோன் த பொவ்வார் கூறிய குறையும் இவ்வகையினதே. ஓவியங்களை முதற்சான்றாகவும் நூலை அடுத்த நிலையிலும் வைத்து நோக்கினால், படம் வரைவிப்போரின் விருப்பத்தை நாள்தோறும் கணித்து வாழ்ந்த ஒரு தொழிலர் தென்படுகிறார். அந்தத் தொழிலரை நினைவுக்குறிப்புகள் மறைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தொழில் என்ற சொல் இங்கு மிகையன்று. ஓவியரான தந்தை 1767இல் இறந்தபின், பதின்பருவத்திலேயே உருவப்படம் வரைந்து பொருளீட்டத் தொடங்கியவர் அவர். உரிமம் பெறாமல் தொழில் செய்கிறார் என்று 1774இல் அவரது பணிக்கூடம் முத்திரையிடப்பட்டது. அதன் பின்னரே புனித லூக்கா கழகத்தில் உறுப்பினரானார். 1776இல் மணந்த கணவர் ஓவிய வணிகர். மனைவியின் வருவாய் முழுவதும் அவர் கைக்கே சென்றது. கணவரின் வணிகத்தையே காரணம் காட்டி அரச ஓவியக் கழகத்தில் மறுக்கப்படவிருந்த இடம், அரசி மரி அந்துவானெத்தின் பொருட்டு மன்னர் தலையிட்டமையால் 1783இல் கிட்டியது. அவ்வாதரவே ஆறாண்டுகளில் உயிருக்கு இடராயிற்று. 1789 அக்டோபர் 6 அன்று, மன்னர் குடும்பம் வெர்சாயிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட நாளின் இரவில், எளிய உழைக்கும் பெண்ணாக உடுத்தி, ஒன்பது வயது மகள் ழூலியுடன் பொதுப் பயணவண்டியில் ஏறினார்.

பயணத்திற்கு முந்தைய ஓர் ஓவியம் இவ்வாசிப்புக்குத் திறவுகோலாகிறது. ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சு உதவி நாடித் திப்பு சுல்தான் அனுப்பிய தூதுக்குழு 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயியைச் சந்தித்தது. தூதர்களுள் ஒருவரான முகம்மது தர்வேஷ் கானை விஜே லெ ப்ரன் முழு உருவமாக வரைந்தார். நினைவுக்குறிப்புகளில் இந்நிகழ்ச்சி ஒரு வேடிக்கைக் கதை. மன்னர் கேட்டுக்கொண்ட பிறகே தூதர் படத்திற்கு அமர இசைகிறார். முடிந்த படத்தைத் தம் படுக்கைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். பணியாளைக் கொண்டு அதனைக் கவர்ந்துவரச் செய்ததும் அப்பணியாளைக் கொல்ல முனைகிறார். கீழைத்தேயத்தாரைப் பற்றி அக்கால ஐரோப்பிய வாசகர் எதிர்பார்த்த நகை இது. ஓவியத்திலோ நகைப்பின் சுவடே இல்லை. பொற்பூ வேலைப்பாடமைந்த மஸ்லின் ஆடையும் வாளுமாகத் தூதர் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கிறார். தாழ்ந்த தொடுவானம் அவரது உயரத்தை மிகுவிக்கிறது. ஐரோப்பிய வேந்தர்க்குரிய நின்ற கோலத்தை அவருக்கு வழங்கிய கை, ஏறத்தாழ ஐம்பதாண்டுகளுக்குப் பின் அவரைக் கேலிப்பொருளாக்கி எழுதியிருக்கிறது. (2019இல் நியூயார்க் ஏலத்தில் இப்படம் சுமார் 72 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அப்போது வந்த செய்திகள் பலவும் அந்த வேடிக்கைக் கதையையே மீண்டும் சொல்லின.)

இத்தகைய விலகல் பயண ஆண்டுகளில் மேலும் கூர்மையடைகிறது. 1790இல் பிளாரன்சு நகரின் உபீசி காட்சியகத்துக்காக வரைந்த தன்னுருவ ஓவியத்தில், கறுப்பு ஆடையும் வெண்ணிறக் கழுத்துச் சுருக்கும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்து, வண்ணத்தட்டும் தூரிகைகளும் ஏந்தி அமர்ந்திருக்கிறார். அருகிலுள்ள கித்தானில் மரி அந்துவானெத்தின் முகம் உருப்பெற்றுக்கொண்டிருக்கிறது. அரசி பாரிசில் காவலில் இருந்த காலம் அது. அரசியிடம் கொண்ட பற்றுறுதி என்று இதனை விளக்குவது மரபு. மறுஆண்டு பிரிஸ்டல் பிரபுவுக்காக அதே படத்தை அவர் மீண்டும் வரைந்தார். அது இப்போது இங்கிலாந்தின் இக்வொர்த் மாளிகையில் உள்ளது. அப்படியில் கித்தான் மீது அரசி இல்லை, மகள் ழூலி இருக்கிறாள். பற்றுறுதி மட்டுமே காரணமெனில் இம்மாற்றம் விளங்காது. இத்தாலிய அரசவைகளில் அரசியின் முகம் ஒரு பரிந்துரைக் கடிதம். ஓர் ஆங்கிலப் பிரபுவின் இல்லத்துக்கு ஓவியரின் மகளே பொருத்தம். பற்றுறுதி பொய் என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. வேலை கேட்டு ஊர் ஊராகச் செல்பவரிடம் பற்றுறுதியும் வணிகக் கணிப்பும் ஒரே தூரிகையில் இயங்கின என்பதே இங்குப் பெறப்படும்.

கணிப்பு பிழைத்ததும் உண்டு. 1795இல் பீட்டர்ஸ்பர்க் சென்றவர், பேரரசி கேத்தரினின் பேத்தியர் அலெக்சாந்திரா, எலேனா இருவரையும் கிரேக்கப் பாணியில் கை தெரியும் ஆடையில் வரைந்தார். பேரரசிக்கு அது ஒவ்வவில்லை எனக் கேள்விப்பட்டதும் ஆடையை மாற்றிக் கைகளை மூடினார். நினைவுக்குறிப்புகள் பழியை அரசவையாளர் ஒருவர்மேல் சுமத்திப் பேரரசி குறையேதும் சொல்லவில்லை என்கின்றன. ஆனால் கேத்தரின் கிரிம்முக்கு எழுதிய கடிதம் உள்ளது. அதில் அவர் அப்படத்தை நாய்க்குட்டிகளோடு ஒப்பிட்டு ஏளனம் செய்கிறார். நூல் வெற்றியாகவே முடிக்கும் ஓரிடத்தில், திருத்தப்பட்ட கித்தான் தோல்வியின் தடத்தைச் சுமக்கிறது. என் மதிப்பீட்டில், அவரது பயண வாழ்வின் மிக நேர்மையான ஆவணம் அந்த ஒட்டவைத்த சட்டைக்கைகளே. அயல்நாட்டில் வேலை இழந்தால் மீள்வதற்கு அவருக்கு நாடில்லை. 1792இல் தப்பியோடியோர் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டு, 1794இல் கணவரும் மணமுறிவு பெற்றிருந்தார். 255 கலைஞர் ஒப்பமிட்ட முறையீட்டின் பின்னரே, 1800இல், அப்பெயர் நீக்கப்பட்டது.

நினைவுக்குறிப்புகளை ஒதுக்கிவிடலாகாது. அவற்றின் பின்னிணைப்பாக அவர் தந்துள்ள பட்டியல்களை ஆய்வாளர் குறைவாகவே பயன்படுத்துகின்றனர். அவரே தரும் கணக்கு 660க்கும் மேற்பட்ட உருவப்படங்கள். எவர் எங்கே வரையப்பட்டார், அரையுருவா முழுவுருவா, எத்தனை படிகள் என்ற வகையில் அப்பட்டியல்கள் செல்கின்றன. அவற்றில் விருந்துகள் இல்லை, பாராட்டுகள் இல்லை. ஒரு பணிக்கூடத்தின் கணக்கேடு இருக்கிறது. நூலின் முகப்பிலிருந்தன்றி அக்கணக்கேட்டிலிருந்து தொடங்கி எழுதப்படும் வாழ்க்கை வரலாறு தமிழில் இன்னும் வரவேண்டியுள்ளது.