பெயர் நீக்கமும் வேம்பின் அடையாளமும்: இணைப்புக் கருவிகளின் தரவுகள் குறித்த அகப்பொருள் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தோடு இணைந்து இயங்கும் வீட்டுக் கருவிகளின் நன்மைகளையும் அவற்றால் தனியுரிமைக்கு நேரும் இடர்களையும் சீர்தூக்கும் உரையாடல்களில், தரவிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் இடர் நீங்கிவிடும் என்னும் கருத்து அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. அக்கருத்தின் போதாமையை அகப்பொருள் மரபின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஸ்மார்ட் மீட்டர் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தரவு, நெடுநல்வாடை, அம்பல், அலர், அறத்தொடு நிற்றல், ஸ்மார்ட் மீட்டர்

முன்னுரை

மின்மானி, கைக்கடிகாரம், கதவு மணி, தொலைக்காட்சி என வீட்டிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாக இணையத்தோடு பிணைக்கப்படுகின்றன. இவற்றைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரு துலாக்கோலின் வடிவில் அமைகின்றன. ஒரு தட்டில் வசதி, சிக்கனம், பாதுகாப்பு ஆகியவை வைக்கப்படுகின்றன. மறு தட்டில் தனியுரிமை வைக்கப்படுகிறது. பின்னர், திரட்டப்படும் தரவில் எவருடைய பெயரும் இராது என்ற உறுதிமொழி தரப்பட்டவுடன் இரண்டாம் தட்டு எடையிழந்து மேலெழுகிறது. அந்த உறுதிமொழி உண்மையில் எவ்வளவு எடையைக் குறைக்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

இவ்வினாவுக்குத் தமிழ் இலக்கணமும் உரைமரபும் சொல்வதற்கு ஏதேனும் உண்டா? தொல்காப்பியர் கணினிக் காலத்தை முன்னறிந்தார் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய பெருமிதக் கட்டுரைகள் தமிழாய்வில் ஏற்கெனவே மிகுதி. ஆனால் ஒருவரின் அகவாழ்வைப் பேசவும் வேண்டும், அவர் இன்னார் என அறியப்படவும் கூடாது என்னும் இக்கட்டை நெடுங்காலம் எண்ணிப் பார்த்த மரபு தமிழில் உண்டு. அதன் கருத்தாக்கங்கள் இன்றைய சிக்கலை விளக்கும் அளவுக்குக் கூர்மையானவை.

நெடுநல்வாடையின் வேம்பு

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது அகத்திணையியல் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி எனப் பொதுப்பெயரால் மட்டுமே அவர்கள் அறியப்படுவர். பெயர் சுட்டப்பட்டால் பாடல் புறத்தின்பாற் படும். இன்றைய தரவியல் வழக்கில் கூறுவதாயின், இது பெயர் நீக்க விதி.

அவ்விதியின் எல்லையைச் சோதித்த பாடல் நெடுநல்வாடை. நக்கீரர் பாடிய 188 அடிகளில் எவ்விடத்தும் தலைவனின் பெயர் இல்லை. கூதிர்க்காலக் குளிர், தலைவனைப் பிரிந்து கட்டிலில் வருந்தும் அரசி, பாசறையில் நள்ளிரவிலும் உறங்காது புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறும் அரசன் என அதன் உள்ளடக்கம் முழுவதும் அகச்சுவை உடையது. எனினும் அரசனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. அது ஒன்றே தலைவன் இன்னான் எனக் காட்டிவிடுவதால் பாடல் புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொண்ட முடிபு. அம்முடிபைப் பிற்கால ஆய்வாளர் அனைவரும் ஏற்கவில்லை. ஒரு பூவின் பெயரைக் கொண்டு இத்துணை அகச்சுவை மிக்க பாடலைப் புறமெனத் தள்ளலாமா என்ற வினா இன்றளவும் எழுப்பப்படுகிறது.

பாடலின் திணை எதுவாயினும், உரையாசிரியரின் தருக்கமே இங்கு முதன்மையானது. பெயர் இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்க்கவில்லை. கேட்போர் எதை வைத்து ஆளை அறிவர் என்று பார்த்தார். வேம்பு தன்னளவில் எவரையும் காட்டாது. சேரர்க்குப் பனை, சோழர்க்கு ஆத்தி, பாண்டியர்க்கு வேம்பு என்னும் செய்தியை முன்பே அறிந்தவர்க்கே அது காட்டும். ஆகவே அடையாளம் பாடலுக்குள் மட்டும் இல்லை; பாடலும் அதற்கு வெளியேயுள்ள அறிவும் சந்திக்கும் இடத்தில் பிறக்கிறது.

பெயர் நீக்கப்பட்ட தரவுத் தொகுதிகள் தோற்றதும் இவ்வாறே. ஓட்டப் பயிற்சி செய்வோரின் தடங்களைத் திரட்டும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடத்தை வெளியிட்டது. அதில் பெயர்கள் இல்லை. தனித்தனி ஓட்டங்களும் இல்லை. திரண்ட ஒளிக்கோடுகள் மட்டுமே இருந்தன. 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் ஆளரவமற்ற பகுதிகளில் அக்கோடுகள் படைத்தளங்களின் உருவைக் காட்டுவதைச் சுட்டினார். அப்பகுதிகளில் பயிற்சிக் கருவி அணிந்து ஓடுபவர் எவராக இருக்கக்கூடும் என்ற புற அறிவே அங்கு வேம்பாயிற்று. தனிமனிதர் நிலையிலும் இதுவே உண்மை. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், டி மோந்த்ஜுவாய் முதலியோர் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இடத்தரவுகளைப் பகுத்தாய்ந்தனர். இடமும் நேரமும் இணைந்த நான்கு புள்ளிகள் இருந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து அறியலாம் எனக் கண்டனர். நான்கு புள்ளிகள் என்பவை ஒருவரது வீடு, பணியிடம், வழிபாட்டிடம், மருத்துவமனை ஆகியவையாக இருக்கலாம். அண்டை வீட்டாருக்கே அவை தெரிந்திருக்கும்.

மின்மானி சொல்லும் செய்தி

தமிழ்நாட்டு வீடுகளில் மின்கணக்கு எடுப்பவர் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவார். அவர் கொண்டுசெல்வது ஓர் எண் மட்டுமே. (வந்த வேளையில் வீடு பூட்டியிருந்தால் அதுவும் ஒரு செய்திதான், ஆனால் அது பெரும்பாலும் அவரோடு நின்றுவிடும்.) ஸ்மார்ட் மீட்டரோ 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பதிந்து அனுப்பவல்லது. இரு மாதங்களுக்கு ஓர் எண் என்பது, 15 நிமிட இடைவெளியில் ஏறத்தாழ 5,800 எண்களாகிறது. இது எண்ணிக்கை மாற்றம் மட்டுமன்று. செய்தியின் தன்மையே மாறிவிடுகிறது. முதலாவது ஒரு தொகை. இரண்டாவது ஒரு நாட்குறிப்பு.

மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே எந்தக் கருவி எப்போது இயங்கியது எனப் பிரித்தறியும் முறையை 1980களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கியவர்களுள் ஜார்ஜ் ஹார்ட் முதன்மையானவர். அவரே 1989இல் எழுதிய கட்டுரையில், இம்முறை வீடுகளை உளவு பார்க்கப் பயன்படக்கூடும் என எச்சரித்தார். கருவியைக் கண்டவரே அதன் ஆபத்தையும் முதலில் உரைத்தது குறிப்பிடத்தக்கது. குளிர்பதனப் பெட்டி, நீர் இறைக்கும் மோட்டார், மிக்சி, மின்னடுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுவடுகள் உண்டு. 15 நிமிட இடைவெளியில் அவை அனைத்தும் தெளிவாகப் புலப்படா. ஆயினும் வீட்டார் விழித்தெழும் நேரம், வெளியூர் சென்ற நாள்கள், நள்ளிரவில் எரியும் விளக்கு ஆகியவற்றை ஊகிக்க அவ்விடைவெளியே போதும்.

நன்மைகளைக் குறைத்து மதிப்பிடுவதும் நேர்மையன்று. மின்தடை எங்கு நேர்ந்தது என்பது உடனே தெரிகிறது. மின்திருட்டும் மின்னிழப்பும் கண்டறியப்படுகின்றன. சூரிய ஒளி மின்சாரம் மிகும் வேளையில் கட்டணத்தைக் குறைத்து நுகர்வை அவ்வேளைக்கு நகர்த்த இயலும். 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய திருத்தியமைக்கப்பட்ட மின்பகிர்மானத் துறைத் திட்டம், 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்கை வகுத்ததற்குப் பின்னே பகிர்மான நிறுவனங்களின் இழப்பு என்னும் மெய்யான சிக்கல் உண்டு. ஆனால் இந்நன்மைகளுள் முதலிரண்டும் நிறுவனத்தை முதலில் சென்றடைவன. இடரோ வீட்டாரையே சென்றடைவது. ஒருவருக்கான ஆதாயத்தையும் மற்றொருவருக்கான இழப்பையும் ஒரே துலாக்கோலில் இட்டு நிறுக்கும்போது, கோலைப் பிடித்திருப்பவர் எவர் என்ற வினா எழுந்தே தீரும்.

அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில் 2018இல் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இவ்வகையில் நுட்பமானது. 15 நிமிட இடைவெளியில் மின்தரவைத் திரட்டுவது வீட்டினுள் நுழைந்து சோதனையிடுவதற்கு ஒப்பானதே என அது ஏற்றது. வீட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக ஒருவர் இத்தகைய கண்காணிப்புக்குத் தாமே இசைந்தார் எனக் கொள்ள முடியாது என்றும் கூறியது. எனினும் குற்ற வழக்குக்காக அன்றி மின்வழங்கலுக்காகத் திரட்டப்படுவதால் அச்சோதனை நியாயமானதே என முடித்தது. இடைவெளி சுருங்கினாலோ காவல்துறைக்குத் தரவு எளிதிற் கிட்டினாலோ முடிபு மாறலாம் என்ற வரம்பையும் விதித்தது. நெதர்லாந்தில் 2009இல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் முன்மொழிவை மேலவை தனியுரிமை கருதி ஏற்க மறுத்தது. பின்னர், மறுக்கும் உரிமை வீட்டாருக்கு வழங்கப்பட்ட பிறகே சட்டம் நிறைவேறியது. மறுப்புரிமை அளித்ததால் திட்டம் கைவிடப்படவில்லை என்பது கருதத்தக்கது.

அம்பலும் அலரும்

பெயரற்ற தரவுக்கும் பெயருள்ள தரவுக்கும் இடையிலான உறவை விளக்க அகமரபில் இரு சொற்கள் உள்ளன. களவு வெளிப்படும் நிலைகளை இறையனார் களவியல் உரை அம்பல், அலர் எனப் பிரிக்கிறது. அம்பல் மொட்டு முகிழ்ப்பது போன்றது. ஏதோ நிகழ்கிறது என்ற குறிப்பு மட்டும் ஊரில் இருக்கும், எவரிடத்து நிகழ்கிறது என்பது துணியப்படாது. அலர் அம்மொட்டு விரிந்த நிலை. இன்னானுக்கும் இன்னாளுக்கும் இடையே என வெளிப்படையாகப் பேசப்படும்.

பெயர் நீக்கிய தரவு தீங்கற்றது என்போர் அம்பலையும் அலரையும் இருவேறு பூக்களாகக் கருதுகின்றனர். உரைமரபோ அவற்றை ஒரே பூவின் இரு பருவங்களாகக் காண்கிறது. மொட்டுக்கு நீரும் வெயிலும் போல, அம்பலுக்குப் புற அறிவு கிடைத்தால் அது அலராகும். மின்தரவை வாங்கிய நிறுவனத்திடம் பெயர் இல்லாதிருக்கலாம். அதனிடமே இருப்பிடத் தரவும் கொள்முதல் தரவும் சேருமாயின் மலர்தல் காலத்தைப் பொறுத்ததே.

2023ஆம் ஆண்டின் மின்னணுவழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயர் உள்ள தரவு என்று வரையறுக்காமல், ஒருவரை அடையாளம் காண இயலும் தரவு என்று வரையறுத்திருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது; நச்சினார்க்கினியரின் அளவுகோலுக்கு அது நெருக்கமானது. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சட்டம் தனிநபரையும் அவரது இசைவையும் நோக்கிப் பேசுகிறது. மின்மானியோ வீட்டைப் பற்றிப் பேசுகிறது.

எவர் எவருக்கு உரைப்பது

அகமரபு மறைத்தலை மட்டும் போற்றவில்லை. அலரால் காதல் வளர்கிறது என்பதும், அலர் வரைவுக்கு வழிகோலுகிறது என்பதும் அம்மரபு அறிந்தவையே. திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரம் ஊரார் பேச்சின் பயனையும் பேசுகிறது. வெளிப்படுதல் எப்போதும் தீங்கு என்று கொள்ளாததால்தான் அம்மரபால் அறத்தொடு நிற்றல் என்னும் துறையை வகுக்க முடிந்தது. அத்துறையில் செய்தி ஒரு வரிசையில் செல்கிறது: தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் உரைப்பர், தந்தையும் தமையன்மாரும் நற்றாயின் குறிப்பால் உணர்வர். செய்தி ஒன்றே. அது எவர் வாயிலிருந்து, எவர் செவிக்கு, எப்போது செல்கிறது என்பதைப் பொறுத்து அறமாகவோ அலராகவோ ஆகிறது. தனியுரிமை என்பது மறைத்தலன்று, தகவல் அதற்குரிய சூழலின் நெறிப்படி செல்லுதல் என ஹெலன் நிசன்பாம் 2010இல் வெளியிட்ட நூலில் வாதிட்டதோடு இக்கருத்து ஒப்புநோக்கத்தக்கது.

இணைப்புக் கருவியொன்று இந்நெறியில் இயங்க முடியும் என்பதற்கு ஜப்பானில் சான்று உண்டு. ஜோஜிருஷி நிறுவனம் 2001இல் தொடங்கிய சேவையில், தனித்து வாழும் முதியவர் தேநீருக்கு வெந்நீர் எடுக்கும் கலன் அச்செய்தியை வெளியூரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ மின்னஞ்சலில் தெரிவிக்கும். வெந்நீர் எடுக்கப்படாத நாள் கவலைக்குரிய நாள். இங்கும் திரட்டப்படுவது வீட்டினுள் நிகழ்வதே; பெயரும் நீக்கப்படவில்லை. பெயர் தெரிந்திருப்பதுதான் சேவையின் பயனே. எனினும் செய்தி எவரிடம் செல்கிறது என்பது தாய்க்குத் தெரியும். அதே தகவலை மின்மானியிலிருந்து ஊகித்து ஒரு காப்பீட்டு நிறுவனம் பெறுமாயின், பெயர் இல்லாவிடினும் அது அலரே.

ஒப்பீட்டின் எல்லை

அகமரபைத் தனியுரிமையின் பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். அலர் எழுந்தபின் இற்செறிக்கப்படுபவள் தலைவி. தலைவனுக்கு அத்தகைய தண்டனை இல்லை. ஊர் இருவரையும் பற்றிப் பேசுகிறது. கதவு ஒருத்திக்கே அடைக்கப்படுகிறது. வெளிப்பாட்டின் விலையை வீட்டில் அதிகாரம் குறைந்தவரே செலுத்துகின்றனர் என்னும் இச்செய்தி, விதிகளைவிடப் பாடல்களிலேயே மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

ஸ்மார்ட் மீட்டர் பற்றிய இடர் மதிப்பீடுகள், அரசு, நிறுவனம், ஊடுருவித் திருடுவோர் ஆகியோரையே அச்சத்துக்குரியவராகக் கருதுகின்றன. வீட்டினுள்ளே ஒருவர் மற்றொருவரைக் காணும் கண் அம்மதிப்பீடுகளில் இடம்பெறுவது அரிது. மின் இணைப்பு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். வாடகை வீடுகளில் அது பெரும்பாலும் உரிமையாளர் பெயரில் இருக்கும். நுகர்வு விவரம் பதிவுபெற்ற கைப்பேசி எண்ணுக்குச் செல்லுமாயின், குடியிருப்பவர் பகலில் எத்தனை மணி நேரம் வீட்டில் இருந்தார், இரவில் விருந்தினர் தங்கினரா என்பவற்றை வேறொருவர் தம் கையிலிருந்தே அறிய வாய்ப்புண்டு. அவர் எவரிடமும் பெயர் கேட்க வேண்டியதில்லை. இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டவரும் அவரே. தரவில் வாழ்பவர் மற்றொருவர். அம்மற்றொருவரின் இசைவை எவ்வாறு பெறுவது என்பதற்குத் தனிநபரை அலகாகக் கொண்ட சட்டத்தில் தெளிவான விடை இல்லை. இணைப்பின் உரிமையாளரையும் வீட்டில் வாழ்பவரையும் வேறுபடுத்தி, 15 நிமிட விவரத்தைப் பின்னவர் கேட்டாலன்றி எவருக்கும் காட்டாது தொகையை மட்டும் காட்டும் ஏற்பாடு தொழில்நுட்ப அளவில் கடினமானதன்று. கணக்கெடுப்பவர் கொண்டுசென்றதும் அத்தொகையை மட்டுமே.