தேய்ந்த குழலும் பழைய ரிக்பியும்

லண்டன் ஜான் ரிக்பி நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த .275 ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தூக்கியதுமே குறிமுள் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும். இயக்கப் பகுதி ஓபர்ன்டார்ஃப் மௌசர் ஆலையில் பிறந்தது. அது சுடும் தோட்டாவும் மௌசரின் 7×57தான். ரிக்பி அதற்குத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907இல் ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் ஜான் ஹெவிட் பரிசளித்ததும், ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் விரும்பிச் சுமந்ததும் இந்த வகைதான்.

இப்படியொரு துப்பாக்கியின் கட்டையும் போல்ட்டும் நூறு ஆண்டுக்குப் பிறகும் உறுதியாக இருக்கும். முதலில் ஓய்ந்துபோவது குழல். மாற்றலாமா, கூடாதா என்ற கேள்வி வாங்கியவருக்கு அங்கேதான் எழுகிறது.

குழலைத் தின்பது ரவையின் உராய்வைவிட நெருப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் ஆயிரக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு, தோட்டா அறைக்குச் சற்று முன்னுள்ள கழுத்துப் பகுதியை நக்கிவிட்டுப் போகிறது. எஃகின் மேற்பரப்பு வறண்ட ஏரிமண் போல வெடித்து, ரவையைச் சுழற்றிவிடும் புரிகளின் விளிம்பு கரைகிறது. பிரிட்டிஷ் இராணுவம் இதைப் பெரும் செலவில் கற்றது. லீ-மெட்ஃபோர்ட் ரைஃபிளின் ஆழமில்லாத, முனை மழுங்கிய புரிகளைக் கார்டைட் மருந்து விரைவில் அழித்துவிட்டது. 1895இல் வந்த லீ-என்ஃபீல்டுக்கு ஆழமான ஐந்து புரிகள் வெட்ட வேண்டியிருந்தது. முதல் கார்டைட்டில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். வெப்பத்தைத் தணிக்கவே பின்னர் அதை 30 விழுக்காடாகக் குறைத்தார்கள்.

இரண்டாவது எதிரி பழைய தோட்டாக்களின் கேப்பு. அதிலிருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் ஒருவகை உப்பைக் குழலுக்குள் விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை இழுக்க, துரு குழிபறிக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். சுட்ட அன்று மாலையே கொதிநீர் ஊற்றிக் கழுவிய வீட்டுத் துப்பாக்கி இன்றும் கண்ணாடியாக மின்னும். மழைக்கால முகாமில் ஓரிரவு சோம்பியிருந்தவரின் குழலில் அந்த இரவின் தழும்பு இன்றைக்கும் இருக்கும்.

ஆனால், தேய்ந்துவிட்டது என்று கைவிரிக்கப்படும் குழல்களில் பல உண்மையில் தேய்ந்தவையே அல்ல. ரவையுறையின் செம்பு பல்லாண்டாகப் படிந்து புரிகளை மூடியிருக்கும். துலக்கும் கம்பியை முன்பக்கத்திலிருந்து திணித்ததால் குழல்வாய் ஒருபுறம் மட்டும் தேய்ந்திருக்கும். வாயை லேத்தில் கொஞ்சம் சீவி வட்டம் திருத்தினாலே பல துப்பாக்கிகளுக்கு உயிர் வந்துவிடும். எனவே செம்பைக் கரைத்து, கட்டையின் திருகாணிகளை இறுக்கி, உள்நோக்கியில் பார்த்து, பிறகு காகிதத்தில் சுட்டுப் பார்ப்பதே முறை. நூறு மீட்டரில் மூன்றங்குல வட்டத்துக்குள் துளைகள் விழுந்தால் மான் வேட்டைக்கு அது தாராளம். குழிகள் தெரிந்தாலும் அந்தக் குழலைத் தொடக் கூடாது. காகிதத்தில் துளைகள் பக்கவாட்டில் நீண்டிருந்தால் ரவை சுழற்சி இல்லாமல் புரண்டு போகிறது என்று பொருள். அந்தக் குழல் முடிந்தது.

அப்போதும் உடனே கழற்றிவிட முடியாது. குழலின் வெளிப்புறம் ஒரு பத்திரம். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அதில்தான் செதுக்கியிருக்கும். செயின்ட் ஜேம்ஸ் வீதியா, சாக்வில் வீதியா என்பதை வைத்தே ரிக்பியின் காலத்தைக் கணிப்பார்கள். சோதனைக் கூட முத்திரைகளும், குறிப்பிட்ட தோட்டாவுக்கென்று கையால் அரத்தால் ராவிய மடிப்புக் குறிகளும் அதிலேயே இருக்கின்றன. குழலைக் கழற்றினால் இவ்வளவும் போய்விடும்.

பழைய குழலையே வைத்துக்கொள்ள, அதன் பின்முனையை வெட்டி, மரையை உள்தள்ளி, அறையைப் புதிதாகக் குடைவது ஒரு வழி. மௌசர் 98இன் மரை அங்குலத்துக்கு 12 சுற்று. ஒரு முழுச் சுற்று பின்னால் வந்தால் சுமார் 2.1 மில்லிமீட்டர், அப்போதுதான் குறிகள் மறுபடி உச்சியில் நிற்கும். கழுத்தின் தேய்வோ பெரும்பாலும் அதைவிட நீளம். பல சுற்று தள்ளினால் கட்டையின் பள்ளத்தில் இடைவெளி தெரியும். துளையைப் பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டுவதும் உண்டு. அமெரிக்காவில் .30-06 குழல்களை இப்படி .35 வீலனாக மாற்றுகிறார்கள். அந்த ஊர்ச் சாதாரண ரைஃபிளுக்கு அது நல்ல தீர்வுதான்; .275 என்று பொறித்த ரிக்பிக்கு அது பொய்க் கையெழுத்து.

மனதுக்கு நிறைவானது உள்குழல் முறை. பழைய குழலைக் குடைந்து, புரி வெட்டிய புதுக் குழாயை அதற்குள் பொருத்துவது. பர்மிங்ஹாமில் ஏ. ஜி. பார்க்கர் .22 குழல்களை இப்படித்தான் புதுப்பித்துப் பெயர் வாங்கினார். பெரிய தோட்டாக்களுக்கு இதை நம்பிச் செய்பவர்கள் மிகச் சிலர். வெளியே ஓர் எழுத்தும் அழியாது. குழல்வாயில் மெல்லிய வளையம் மட்டும் உற்றுப் பார்த்தால் தெரியும்.

முன்பே யாரோ கட்டையை வெட்டி, குறிகளைப் பிடுங்கி, தொலைநோக்கிக்குத் துளையிட்டுச் சிதைத்த துப்பாக்கியானால் தயங்க வேண்டாம், புதுக் குழலே நல்லது. பழைய கட்டையின் பள்ளத்துக்கு ஏற்ற வடிவில் அதைக் கடைந்தெடுக்க வேண்டும். கருநீலப் பூச்சையும் துருவேற்றி, கொதிக்கவைத்து, துலக்கி, திரும்பத் திரும்பப் படியவைக்கும் பழைய முறையில் ஏற்ற வேண்டும். அவசர ரசாயனத் தொட்டி தரும் கறுப்பு அந்த எஃகோடு ஒட்டாது. பிரிட்டனில் அந்தப் புதுக் குழல் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைக் கூடத்தின் புது முத்திரையும் பெற்றாக வேண்டும். கழற்றிய குழலை இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெயிட்டுத் துணியில் சுற்றி, துப்பாக்கியோடே பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்த உரிமையாளர் கேட்கும் முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.