ஒரு முகம் தெரிய ஐம்பது ஆண்டுகள்

நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்தை நான் முதலில் பார்த்தது விசிடியில். இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பசார் மாலாமில் பழைய படங்களைக் குவியலாகப் போட்டு விற்கும் கடையில் பத்து வெள்ளிக்கு மூன்று என்று அள்ளியதில் அதுவும் ஒன்று. படம் 96 நிமிடம். ஒரு விசிடியில் அவ்வளவும் அடங்காது. அதனால் இரண்டு டிஸ்க். முதல் டிஸ்க் முடிந்து நான் எழுந்து மாற்றப் போனபோது அண்ணன் கேட்டான், “இதுல பேய் எது, மனுசன் எதுன்னே தெரியலையேடா?”

எனக்கும் தெரியவில்லைதான். கறுப்பு வெள்ளையில் ஏதேதோ உருவங்கள் அசைந்தன, ஆங்கிலத்தில் கத்தின. மலிவான படம், மலிவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். பல ஆண்டுகள் கழித்து, அதே படத்துக்கு கிரைட்டீரியன் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புளூரே பதிப்பைப் பார்த்தேன். அண்ணன் அன்றைக்கு விளையாட்டாகக் கேட்டதுதான் இந்தப் படத்தின் மையமான கேள்வி என்பது அப்போதுதான் உறைத்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் ரொமேரோ அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். நண்பர்களோடு காசு சேர்த்து, ஏறக்குறைய 1,14,000 டாலர் செலவில் 1968இல் இந்தப் படத்தை எடுத்தார். ரத்தத்துக்கு சாக்லெட் பாகு. நண்பர்களும் முதலீட்டாளர்களுமே பேய்களாக நடந்தார்கள். செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான். இன்று நாம் பார்க்கும் ஸோம்பி படங்களுக்கெல்லாம் இதுதான் தாய்ப்படம் என்றாலும், படத்துக்குள் ஸோம்பி என்ற சொல் ஒருமுறைகூட வராது.

அந்த ஏழு பேரில் பொறுப்பை ஏற்று எல்லோரையும் காப்பாற்றப் பார்ப்பவன் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். பென்னின் நிறம் திரைக்கதையில் எழுதப்படவில்லை. நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறப்பாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்றே ரொமேரோ சொல்லிவந்தார். இரவு முழுக்கப் போராடி பென் மட்டும் பிழைக்கிறான். விடிந்ததும் பேய்களை வேட்டையாடத் துப்பாக்கிகளோடு ஒரு கும்பல் வருகிறது. ஜன்னலருகே ஓர் உருவம் தெரிகிறது. நெற்றிக்குக் குறிவைத்துச் சுடுகிறார்கள். பென் விழுகிறான். ஐம்பது ஆண்டுக்கு மேலான படம் என்பதால் முடிவைச் சொல்லிவிட்டதற்கு மன்னிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி பிரதிகளின் கதை. படத்துக்கு முதலில் வேறு பெயர் இருந்தது. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பு புதிய அட்டையில் விடுபட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லாமல் வெளியான படத்துக்கு உரிமை கிடையாது. ஒரே ஓர் அட்டையில் விட்ட பிழையால் படம் ஊர்ச்சொத்தானது. வீடியோ கேசட் காலம் வந்ததும் யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த பிரதியிலிருந்தும் நகலெடுத்து விற்றார்கள். எடுத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் படம் உலகம் பூராவும் போய்ச் சேர்ந்தது. எங்கள் பசார் மாலாம் வரைக்கும் வந்ததே, அது அந்தப் பிழையின் புண்ணியம்.

நகலின் நகலில் என்ன நடக்கும்? ஒவ்வொரு தலைமுறையிலும் வெள்ளை வெளுத்துக்கொண்டே போகும், கறுப்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிழலுக்குள் இருக்கும் நுணுக்கம்தான் முதலில் சாகும். அதை 352×288 புள்ளிகள் கொண்ட விசிடியில் அடைத்தால், இருட்டான பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும். இதனால் அதிகம் இழந்தவர் டுவேன் ஜோன்ஸ். மற்றவர்களின் வெள்ளை முகங்கள் மோசமான நகலிலும் ஓரளவு தப்பித்துவிடுகின்றன. அவருடைய முகம் பாதி நேரம் ஒரு கறுப்புத் திட்டாகத்தான் தெரிந்தது. குரல் கேட்டது, ஆளைக் காணவில்லை.

வீட்டுக்குள் வந்த பிறகு, தான் எப்படித் தப்பித்து வந்தேன் என்று பார்பராவிடம் பென் சொல்லும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. விசிடியில் பார்த்தபோது அதை இழுவை என்று ஓட்டிவிட்டோம். மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் மீட்டெடுக்கப்பட்ட பதிப்பில் அந்தக் காட்சியே வேறாக இருக்கிறது. குரல் நிதானமாக இருக்கும்போதே கண்ணில் பயம் வந்து போகிறது. அந்தப் பயத்தை அடக்கித்தான் அவன் ஆணி அடிக்கிறான், பலகை தேடுகிறான். கரடுமுரடான லாரி ஓட்டுநராக எழுதப்பட்ட பாத்திரத்தின் பேச்சை ஜோன்ஸ் தன் இயல்புக்கு மாற்றிக்கொண்டவர். அந்த உழைப்பு முழுக்க முகத்தில் இருக்கிறது. முகம் தெரிந்தால்தான் அது தெரியும்.

இப்போது முடிவுக் காட்சியை யோசித்துப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்க்கும் துப்பாக்கிக்காரனுக்கு ஜன்னலில் தெரிந்தது முகமில்லாத ஓர் உருவம். அவன் சுட்டான். நானும் அண்ணனும் விசிடியில் பார்த்ததும் அதே உருவத்தைத்தான். மோசமான பிரதி எங்களையும் கொண்டுபோய் அவன் பக்கத்திலேயே நிறுத்திவிட்டது. பென் செத்தபோது எங்களுக்கு வருத்தம்கூட வரவில்லை. “அவ்ளோதானா?” என்று டிவியை அணைத்தோம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதையும் சொல்லவேண்டும். அழுக்கும் கீறலும்தான் இந்த மாதிரிப் படங்களின் அழகு, சுத்தப்படுத்தினால் திகில் போய்விடும் என்று சொல்லும் ரசிகர்கள் நிறைய. ஏதோ தடைசெய்யப்பட்ட செய்திச்சுருளைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது போன்ற உணர்வு தேய்ந்த பிரதியில்தான் கிடைக்கிறது என்பார்கள். எனக்கும் அந்த மயக்கம் இருந்தது. ஆனால் படத்தின் கடைசி நிமிடங்கள் அதை உடைத்துவிட்டன. பென்னின் உடலைக் கொக்கியால் இழுத்துப்போவதைப் பத்திரிகைப் புகைப்படங்கள் போன்ற சொரசொரப்பான அசையாப் படங்களாக ரொமேரோ காட்டுகிறார். அதுவரை மனிதனாக இருந்தவன் அந்த நொடியில் செய்தியாகிவிடுகிறான். தேய்ந்த பிரதியில் முழுப் படமுமே அப்படித்தான் இருப்பதால், இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. இயக்குநர் வேண்டுமென்று வைத்த சொரசொரப்பை, யாரோ அலட்சியத்தில் சேர்த்த அழுக்கு மூடிவிடுகிறது.

1962இல் ஹெர்க் ஹார்வி எடுத்த கார்னிவல் ஆஃப் சோல்ஸ் படத்திலும் இதே கதைதான், அங்கே காதுக்கு. கன்சாஸில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர் சுமார் 33,000 டாலரில் எடுத்த ஒரே கதைப்படம் அது. ஒரு கடைக்குள் நாயகியைச் சுற்றி உலகத்தின் ஓசை திடீரென நின்றுபோகும். யாருக்கும் அவள் இருப்பது தெரியாது. கேசட்டின் இரைச்சலோடு பார்த்தால் அந்த மௌனம் மௌனமாகவே இருக்காது. ஒலி சுத்தமான பதிப்பில் அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. காசில்லாதவர்கள் வெறும் அமைதியை வைத்துச் செய்த வேலை அது.

ஆகவே நல்ல டிஸ்க் பதிப்பை நான் ஒரு விமர்சனச் செயலாகவே பார்க்கிறேன். இதைக் கவனித்துப் பார், இதில் யோசனை இருக்கிறது என்று அது சொல்கிறது. லிவிங் டெட் பதிப்பில் ‘நைட் ஆஃப் அனூபிஸ்’ என்ற தலைப்போடு, படத்தொகுப்பு முடியாத ஆரம்பப் பிரதியும் இருக்கிறது. ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைப் புரட்டுவது போன்ற அனுபவம். குறையும் உண்டு. பட்டியல் விலை ஏறக்குறைய 40 அமெரிக்க டாலர். கில்லர்மோ டெல் டோரோ போன்ற பெரிய இயக்குநர்கள் படத்தைப் புகழ்ந்து பேசுகிறார்கள். பல வருசம் கேசட்டிலும் விசிடியிலும் இதை உயிரோடு வைத்திருந்த பெயரில்லாத கூட்டம் அந்தப் பெட்டிக்குள் இல்லை. அந்த அழுக்கு நகல்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, நன்றியும் இருக்கிறது. அவை இல்லாவிட்டால் இந்தப் படத்தை மீட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்குமா?

இந்தக் கேள்வி என்னை நம் ஊர்ப் பேயிடம் கொண்டுவந்து விடுகிறது. 1957இல் சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் ஸ்டூடியோ எடுத்த மலாய்ப் படம் பொந்தியானாக். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ். நாயகி மரியா மெனாடோ. கூன் விழுந்த ஒரு பெண் அழகியாகி, பிறகு ரத்தம் குடிக்கும் பேயாகிறாள். படம் பெரிய வெற்றி. அதே ஆண்டிலேயே இரண்டாம் பாகமும் வந்தது. இன்று அந்த இரண்டு படங்களுக்கும் பிரதி இல்லை. மூன்றாவதான சும்பா பொந்தியானாக் (1958) தப்பித்திருக்கிறது. எஞ்சிய கேத்தே கெரிஸ் மலாய்ப் படங்களை 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் முதல் படத்தை மீட்டெடுக்க மூல நெகட்டிவும் இல்லை, தேய்ந்த நகலும் இல்லை. உரிமையாளர் தெளிவாக இருந்த படம் அழிந்தது. உரிமையாளரே இல்லாமல் போன படம் பிழைத்தது.

என் பாட்டி பொந்தியானாக்கை ஈப்போவில் தியேட்டரில் பார்த்தவர். நான் பேய்ப்படம் பார்க்கும்போதெல்லாம் ஆரம்பித்துவிடுவார். “இதெல்லாம் ஒரு பேயா? அந்தப் படத்துல அந்தப் பொண்ணு மொகம் மாறும் பாரு, முன்னாடி இருந்த மலாய்க்கார அம்மா எங்கையப் புடிச்சவ வுடவே இல்ல.” அந்த முகம் எப்படி மாறியது, ஒளி எந்தப் பக்கமிருந்து விழுந்தது, அந்த நேரத்தில் சத்தம் இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. பழைய மலாய்ப் பேய்ப்படம்தானே, என்ன பெரிதாக இருந்துவிடப்போகிறது என்ற நினைப்பு. பசார் மாலாம் விசிடியைப் பற்றியும் அப்படித்தான் நினைத்தேன்.

பாட்டி போய் ஆறு வருடமாகிறது. அந்த விசிடி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் இப்போது பெட்டி இல்லை. புளூரேயில் பென்னின் முகத்தைப் பார்த்த இரவில் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “மனுசன் யாருன்னு தெரியுதுடா.” அவனுக்கு எந்தப் படம் என்றே நினைவில்லை. அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து போட்டுக்காட்ட வேண்டும்.