தேய்ந்த முகமா, அச்சு விழாத முகமா?

வெள்ளி நாணயங்களின் தரம் பார்ப்பதில் நம் சங்கத்தில் வழங்கிவரும் மரபுகளைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டார்கள். மூத்தவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் தட்ட முடியவில்லை. உறுப்பினர்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்லாமல், நாம் அதிகம் சண்டை போட்டுக்கொள்ளும் இடத்துக்கே வந்துவிடுகிறேன்: ரூபாயின் முகம் மழுங்கியிருந்தால், அது தேய்மானமா, அச்சு சரியாக விழாததா?

சராப்புக் கடை மரபுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. சுண்டினால் ஓசை, தராசில் எடை, அவ்வளவுதான். ஃபைன், வெரி ஃபைன் என்று சொல்லால் தரம் சொன்ன இங்கிலாந்து மரபு அடுத்து வந்தது. நம் சங்கத்தின் முதல் தலைமுறை அதில் ஊறியது. எண் மரபு அதற்கும் பிந்தியது. 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காக வகுத்த 70 புள்ளி அளவுகோல், இன்று பிளாஸ்டிக் பெட்டிக்குள் நம் விக்டோரியா ரூபாயின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் ஐயாவின் வழி இம்மூன்றிலும் சேராது. (அவர் மாணவன் என்பதால் மிகையாகச் சொல்கிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.) அறையில் ஒரே ஒரு விளக்கு, கையில் 1862 ரூபாய், பூதக்கண்ணாடி அப்புறம். விளிம்பைப் பிடித்து மெல்லச் சாய்க்கச் சொல்வார். புதுக்காசில் ஒளி சக்கரம் போல் சுற்றி வரும். அரசியின் கன்னத்தையோ காதருகே உள்ள முடியையோ தாண்டும்போது அந்த ஒளி அறுந்து, அங்கே மட்டும் மங்கிய சாம்பல் திட்டு நின்றால் அது தேய்மானம். முடி இழைகளே தெரியாவிட்டாலும், ஒளி தடையில்லாமல் அதன்மேல் ஓடினால் அச்சு சரியாக விழவில்லை என்று பொருள். அப்போதுதான் பூதக்கண்ணாடியைக் கொடுப்பார். அச்சடிக்கும் முன் வெள்ளி வில்லையில் இருந்த சொரசொரப்பும் நுண்கீறல்களும் அந்த இடத்தில் அழியாமல் இருக்கும். பல கை மாறித் தேய்ந்த காசில் இவைதான் முதலில் போகும்.

அடுத்தது, காசைத் திருப்பிப் பார்ப்பது. முகத்தின் மேடான பகுதிக்காக அச்சில் ஆழமான பள்ளம் இருக்கும். அதை நிரப்ப வெள்ளி ஓடிப்போனால், அதற்கு நேர் பின்னால் மறுபக்கத்துப் பூவேலைக்கு வெள்ளி போதாது. ஆகவே அச்சுக் குறை பெரும்பாலும் முதுகோடு முதுகாக இருக்கும். தேய்மானத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இரு பக்கத்திலும் மேடு எங்கெங்கோ அங்கெல்லாம் தின்னும்.

1862இல் மூன்றாவது சிக்கலும் உண்டு. அந்த ஒரே ஆண்டைப் பொறித்து 1874 வரை ரூபாய் அடித்தார்கள். அச்சே தேய்ந்துபோய் அடித்த காசில் எழுத்துகளின் கால் விளிம்புப் பக்கமாக இழுத்துக்கொண்டு தெரியும். ஒளி மட்டும் குறையாது. ஐயா இதைத் தனி வகையாகவே வைப்பார்.

தராசையும் அவர் ஒதுக்கவில்லை. ரூபாயின் முழு எடை 11.66 கிராம். 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் செல்லாது என்றது 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டம். கன்னத்தில் பட்ட இலேசான தேய்மானம் எடையில் தெரியாது. ஆனால் முகமே வழுக்கையாகி 11.4க்கு இறங்கிய காசை ‘அச்சு விழாதது’ என்று யாரும் சாதிக்க முடியாது.

சாதிக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். நான் யாரையும் குறிப்பிடவில்லை. எல்லோரும் வேண்டியவர்கள், சிலர் இம்மலருக்கு விளம்பரமும் தந்திருக்கிறார்கள். ஆனால் தேய்ந்த காசுக்கெல்லாம் இப்போது ‘வீக் ஸ்ட்ரைக்’ என்று பெயர், பெயருக்கு ஏற்ற விலை. மருந்தில் முக்கிப் பளபளப்பாக்கிவிட்டால் பார்ப்பதற்கு அந்தச் சக்கர ஒளியும் மிஞ்சுவதில்லை. செல்பேசிப் படத்தைப் பார்த்துத் தரம் சொல்கிறார்கள்; படத்தைச் சாய்த்துப் பார்க்க முடியுமா? முன்பு மாதக் கூட்டத்தில் ஒரு காசு மேசையைச் சுற்றி வந்து சேர்வதற்குள் காபி ஆறிவிடும். இன்று பஜ்ஜி தின்ற விரலால் காசின் முகத்தையே பிடிக்கிறார்கள்; கேட்டால் சிரிக்கிறார்கள். விளிம்பைப் பிடிக்கத் தெரியாதவர்கள் ஏலத்தில் தீர்ப்புச் சொல்கிறார்கள். புதிய உறுப்பினர்களிடம் பூதக்கண்ணாடி இல்லை, பூதக்கண்ணாடி இருப்பவர்களிடம் பொறுமை இல்லை. சங்கத்துக்கென்று வாங்கிய மின் தராசு பேட்டரி தீர்ந்து பீரோவுக்குள் கிடக்கிறது. அடுத்த ஏலத்துக்கு முன்பாவது செயற்குழு அதற்கு ஒரு பேட்டரி வாங்கிப் போட்டு மேசைமேல் வைக்கட்டும். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால் நல்லது.