சில்லறைக் கணக்கும் சிறு இன்பமும்: புதுமைப்பித்தனின் இரு சிறுகதைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய சிறுகதைகள் வறுமைச் சித்திரிப்பு என்றும் அங்கதம் என்றும் வாசிக்கப்பட்டு வருகின்றன. இவ்விரு கதைகளிலும் காப்பி, வெற்றிலை போன்ற சிறு இன்பங்கள் சிக்கன வாழ்வின் வரவு செலவுக் கணக்கில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சிறு இன்பம் தேவைகள் நிறைவேறிய பின் எஞ்சுவதன்று. கணக்கே அதை மையமாகக் கொண்டு போடப்படுகிறது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: புதுமைப்பித்தன், சிறுகதை, சிக்கனம், காப்பி, சில்லறை, கடன்.

முன்னுரை

புதுமைப்பித்தன் (1906–1948) தம் கதைகளின் பொதுத்தன்மையாக நம்பிக்கை வறட்சியைத் தாமே சுட்டியவர். அக்கூற்று அவரை வாசிக்கும் முறையையும் பெரிதும் வழிநடத்தியுள்ளது. ரகுநாதன் எழுதிய 'புதுமைப்பித்தன் வரலாறு' (1951) வழி அறியவரும் பொருள்முடையும், கதைத்தலைவியின் பெயராகிய கமலம் என்பது ஆசிரியரின் துணைவியார் கமலாவின் பெயரை நினைவூட்டுவதும், 'ஒரு நாள் கழிந்த'தைத் தன்வரலாற்றுத் துயரமாகக் கொள்ளத் தூண்டுகின்றன. இவ்வாசிப்பில் பிழையில்லை, குறை உண்டு. இல்லாமையை எண்ணிக் கணக்கிடும் வாசிப்பு, இருக்கும் சில அணாக்களைக் கொண்டு மாந்தர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காணத் தவறுகிறது.

மரபின் பின்புலம்

வறியோர் உணவைத் தமிழ் இலக்கியம் தொடக்கம் முதலே நுணுக்கமாகப் பதிவுசெய்துள்ளது. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில், பாணர் குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் காண்பதற்கு நாணி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு கூடி உண்கிறார்கள். உப்புக்கும் வழியற்ற நிலையிலும் உணவு பகிரப்படுகிறது என்பது இங்கு நோக்கத்தக்கது. ஆயினும் ஆற்றுப்படையின் அமைப்பில் இக்காட்சி ஒரு தொடக்கநிலை மட்டுமே. நல்லியக்கோடன் என்னும் வள்ளலின் கொடை அதை மாற்றிவிடுகிறது. இன்பம் புரவலனின் வாயிலில் தொடங்குகிறது.

புதுமைப்பித்தன் காட்டும் சென்னையில் புரவலன் இல்லை. அங்கே இருப்பவை மாதச் சம்பளம், மளிகைக் கடைக் கடன், நண்பரிடம் பெறும் கைமாற்று ஆகியவையே. ஆகவே இன்பத்தையும் அச்சில்லறைக்குள்ளேயே தேட வேண்டியுள்ளது.

ஒன்றரை அணாவின் கணக்கு

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943ஆம் ஆண்டு 'கலைமகள்' இதழில் வெளிவந்தது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நிற்கும் கந்தசாமிப் பிள்ளையின் சிந்தனையோடு கதை தொடங்குகிறது. டிராமில் சென்றால் ஒன்றேகால் அணா செலவு. மிஞ்சும் காலணாவுக்கு வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடக்கலாம். பேருந்தில் ஏறி, சென்ட்ரல் கடந்த பிறகு பயணச்சீட்டு வாங்கினால் அரைக் கோப்பை காப்பி குடிக்கலாம். ஆனால் வெற்றிலை கிடையாது. அவர் கையிலிருப்பது ஒன்றரை அணா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை, கணக்கே சொல்லிவிடுகிறது.

ரூபாய்க்குப் பதினாறு அணாவும், அணாவுக்கு நான்கு காலணாவும் வழங்கிய காலம் அது. ஒன்றரை அணா என்பது ஆறு காலணா. இத்துணைச் சிறிய தொகைக்குள் போக்குவரத்து, நடை, களைப்பு, காப்பி, வெற்றிலை ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்து எடைபோடப்படுகின்றன. நடத்துநரை ஏமாற்றுவது தர்மமா என்ற வினாவும் அதே தராசில் ஏறுகிறது. முந்தைய நாள் அவ்வாறு செய்திருந்தால் காப்பி கிடைத்திருக்கும் என்று பிள்ளை நினைத்துக்கொள்வதிலிருந்து, நேர்மைக்கும் அவர் ஒரு விலை கொடுத்திருப்பது தெரிகிறது.

இப்பகுதியை நகைச்சுவை என்று மட்டும் கொண்டால் அதன் ஒழுங்கு மறைந்துவிடும். பிள்ளை, பயணச் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதில் இன்பம் தேடுபவர் அல்லர். காப்பியா வெற்றிலையா என்பதை முடிவுசெய்தாலன்றி அவரால் பயண வழியை முடிவுசெய்ய இயலாது. இன்பம் கணக்கின் கடைசி வரியில் வரும் மிச்சமன்று. முதல் வரியிலேயே நிற்கும் உருப்படி.

சில்லறையும் நூறு ரூபாய்த் தாளும்

இந்தச் சிந்தனையின் நடுவே திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வருகிறார் கடவுள். இருவரும் காப்பி குடிக்கச் செல்கின்றனர். செலவு தம் தலையில் விழுந்துவிடுமோ என்ற ஐயம் பிள்ளைக்கு எழுவது இயல்பே. காப்பியின் சுவையில் கடவுள் திளைக்கும்போது, அது அவருடைய லீலையன்று, சிக்கரித்தூள் கலந்த உணவு விடுதிக்காரரின் லீலை என்று பிள்ளை திருத்துகிறார். கலப்படம் என்று அறிந்தே அவர் காப்பியை விரும்புகிறார். சிறு இன்பத்தைப் புனிதப்படுத்தாமல் அதன் தரக்குறைவோடு சேர்த்தே காட்டுவது இக்கதையின் நேர்மை.

மூன்றணாச் செலவுக்குக் கடவுள் நீட்டுவது நூறு ரூபாய்த் தாள். சில்லறை மாற்றவே காப்பி குடிக்க வந்ததாக விடுதிக்காரர் ஐயுறுகிறார். சில்லறையில் வாழும் உலகில் பெருந்தொகை மதிப்பைப் பெறுவதற்கு முன் சந்தேகத்தைப் பெறுகிறது. கடவுளிடம் பிள்ளை எதிர்பார்ப்பதும் பெருஞ்செல்வமன்று. தாம் நடத்தும் வைத்திய இதழுக்கு ஆயுள் சந்தா, இருபத்தைந்து ரூபாய். ஆற்றுப்படையின் புரவலன் வந்து சேர்ந்த பிறகும் கதை வள்ளன்மையை நோக்கித் திரும்புவதில்லை. கொடை பெறும் இரவலராகவன்றி, சந்தா சேர்க்கும் இதழாசிரியராகவே பிள்ளை நிற்கிறார். சிற்றளவுக் கணக்கு அவருக்கு இழிவன்று, தற்சார்பு.

எட்டணாவும் திங்கட்கிழமையும்

1937இல் 'மணிக்கொடி'யில் வெளியான 'ஒரு நாள் கழிந்தது' இதே கணக்கைக் குடும்பத்துக்குள் கொண்டுவருகிறது. விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கும் முருகதாசர், கடைக்காரருக்குத் திங்கட்கிழமை பணம் தருவதாகத் தவணை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த நண்பரிடம் மூன்று ரூபாய் கைமாற்றுக் கேட்கிறார், கிடைப்பது எட்டணா. வீட்டில் காப்பிப்பொடி தீர்ந்துவிட்டது. அந்த எட்டணா கடைக்காரருக்கென வாங்கியது என்று அவர் தயங்கும்போது, கடைக்காரருக்குச் சொன்ன தவணை திங்கட்கிழமைதானே என்று கமலம் நினைவூட்டி, காப்பிப்பொடி வாங்கிவர அனுப்புகிறாள். திங்கட்கிழமையைப் பற்றிய கேள்விக்கு, அன்று பார்த்துக்கொள்ளலாம் என்பதே விடை.

இதைப் பொறுப்பின்மை என்று கொள்வது எளிது. ஆனால் கடனுக்குரிய தொகை மூன்று ரூபாய் என்றால், எட்டணா அதில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. அதைக் கொடுத்தாலும் கடன் தீராது, காப்பியும் இராது. எதையும் தீர்க்கப் போதாத தொகையை ஒரு நாளைக் கழிக்கப் போதுமானதாக மாற்றுகிறாள் கமலம். கதைத்தலைப்பு வெறுமையைச் சுட்டுவதோடு, கடத்தி முடித்த ஒரு நாளின் சிறு நிறைவையும் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

யாருடைய இன்பம்?

இவ்வாசிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. கந்தசாமிப் பிள்ளையின் காப்பியும் வெற்றிலையும் தெருவில், தனியாக, ஆணுக்குக் கிடைப்பவை. அதே ஒன்றரை அணாவை அவர் துணைவி எவ்வாறு செலவிட்டிருப்பார் என்று கதை கேட்பதில்லை. கமலத்திடம் முடிவெடுக்கும் அறிவு இருக்கிறது. கடைக்குச் செல்லும் காசு கணவரின் கையில் இருக்கிறது. அவள் விரும்பும் காப்பி தனக்காகவா, கணவருக்காகவா, இல்லத்தின் மதிப்புக்காகவா என்பதும் சொல்லப்படவில்லை. காப்பி தமிழ் நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமானதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' விரிவாக ஆராய்ந்துள்ளது. அவ்வகையில் இம்மாந்தர்கள் பாதுகாப்பது நாவின் சுவையை மட்டுமன்று, சமூகத்தில் தம் நிலையையும் ஆகும். வேளைக்கீரை உண்ணும் வீடு வாயிலை அடைத்துக் காத்த மானத்தை, முருகதாசரின் வீடு காப்பியைக் கொண்டு காக்கிறது.

முடிவுரை

வறியோரின் செலவைத் தேவை, ஆடம்பரம் என இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைக் கண்டிப்பது பொதுவழக்கு. அப்பிரிவினை, வறுமை பற்றிய இலக்கிய வாசிப்பிலும் ஒலிக்கிறது: துன்புறும் மாந்தர் நம்பத்தக்கவராகவும், காப்பி குடிக்கும் மாந்தர் நகைப்புக்குரியவராகவும் தோன்றுகின்றனர். புதுமைப்பித்தனின் இவ்விரு கதைகளும் அப்பிரிவினையை ஏற்கவில்லை. கந்தசாமிப் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு காலணா அளவிலேனும் எஞ்சியிருப்பது காப்பியாலும் வெற்றிலையாலும்தான். அவற்றை நீக்கிவிட்டால் அவர் கணக்குச் சரியாகும். கணக்கிடுவதற்கு அவரிடம் எதுவும் இராது. நம்பிக்கை வறண்ட எழுத்தாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர், எட்டணாவுக்குக் காப்பிப்பொடி வாங்க அனுப்பும் பெண்ணின் சொல்லோடு கதையை முடித்திருப்பதைத் திறனாய்வு கணக்கில் கொள்ள வேண்டும்.