மேலிருந்து பார்த்தால் வெறும் சிமெண்ட்

சான் பிரான்சிஸ்கோவின் மொராகா தெரு, 16ஆவது அவென்யூவைத் தாண்டியதும் சட்டென்று குன்றாகிவிடுகிறது. இனி வண்டி ஏறாது, 163 படிகள்தான். அவற்றைக் கீழே நின்று பார்க்க வேண்டும். அடியில் கடல், மீன், சிப்பி. ஏற ஏறப் பூவும் பட்டாம்பூச்சியும். அதற்கும் மேலே இரவு, நிலா. உச்சியில் சுருள் சுருளாய்ச் சூரியன்.

அத்தனையும் டைல்ஸ். கையால் செய்து சுட்டவை 2,000க்கு மேல். இடுக்குகளை நிரப்பக் கண்ணாடியும் உடைசல்களுமாய்ச் சில்லுகள் 75,000. அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் 2003இல் தொடங்கிவைத்த காரியம். சுடுமண் வேலைக்கு ஐலீன் பார், மொசைக்குக் கோலெட் க்ரட்சர் என்று இரண்டு கலைஞர்கள். 2005 ஆகஸ்டில் திறப்பு விழா.

ஊர் கூடிப் படம் வரைகிறது என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஆளுக்கொரு ஆசை, ஆளுக்கொரு மூலை. கடைசியில் பள்ளி ஆண்டு விழாத் தட்டி மாதிரி ஆகிவிடும். இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம், அந்த ஓட்டம். கடலிலிருந்து சூரியன்வரை அறுபடாமல் நெளிந்து போகும் வண்ணப் பாதையைக் கலைஞர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் நீந்தும் மீனும் ஊரும் நத்தையும்தான் குடியிருப்பவர்களின் பங்கு. பணம் கொடுத்த 200க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அந்த உருவங்களின் மேல் இருக்கின்றன. கீழிருந்து ஒன்றுகூடத் தெரியாது. குனிந்தால் உண்டு. உபயதாரர் பெயரை எழுதியே வெளிச்சத்தை மறைத்துவிடும் நம் கோயில் டியூப் லைட்டுகள் நினைவுக்கு வந்தன.

சில்லு பதிப்பதில் ஒரு நுணுக்கம் பார்த்தேன். நீலம் என்றால் ஒரே நீலம் இல்லை. கறுப்பை ஒட்டிய நீலம், மயில்கழுத்து, வெளிறிய வானம், நடுநடுவே விரல்நகம் அளவு கண்ணாடி. வெயில் நகர நகரக் கண்ணாடிகள் ஒன்று மாற்றி ஒன்று கண் சிமிட்டுகின்றன. இந்தப் பக்கம் மூடுபனி அதிகம். பனி நாளில் மினுக்கு அடங்கிவிடும், நிறம் தனியே எழுந்து நிற்கும். எனக்கு அந்த நாள்தான் பிடித்தது.

இரு பக்கமும் தோட்டம். அந்த மண்ணுக்கே உரிய செடிகளும் தடித்த இலைக் கள்ளி வகைகளும். பராமரிப்பதும் அக்கம்பக்கத்தார்தான். இதே இரு கலைஞர்களைக் கொண்டு சற்றுத் தள்ளி இன்னொரு படிக்கட்டு 2013இல் முடிந்தது, 148 படி. அதுவும் அழகுதான். ஆனாலும் முதலாவதன் வேகம் அதற்கு இல்லை என்பேன்.

உச்சியில் மூச்சு வாங்கித் திரும்பினால் தூரத்தில் பசிபிக் கடல். காலடியில் படத்தைத் தேடினேன்; காணோம். படிகளின் நிமிர்ந்த பக்கத்தில் மட்டுமே டைல்ஸ், கால் வைக்கும் இடமெல்லாம் சாம்பல் சிமெண்ட். என் பக்கத்தில் ஒரு கிழவர் காய்கறிப் பையோடு ஏறிவந்து, நிற்காமல், பாக்கெட்டில் வீட்டுச் சாவியைத் துழாவிக்கொண்டே போனார்.