தமிழ்த் திரையில் ஆவணப்புனைவு

ஆவணப்புனைவு என்பது ஆவணப்படத்தின் சான்றுத்தன்மையையும் கதைப்படத்தின் கட்டமைப்பையும் இணைத்து எடுக்கப்படும் திரைப்பட வகை. உண்மையான இடங்கள், தம் சொந்த வாழ்க்கையையே நடித்துக் காட்டும் மனிதர்கள், நடந்த நிகழ்வுகள் ஆகியவை இதன் மூலப்பொருட்கள். அவற்றைத் தேர்ந்து, கோத்து, சில இடங்களில் மாற்றி ஒரு கதையாக்குகிறார் இயக்குநர். தமிழில் இவ்வகைப் படங்கள் குறைவு. ஆனால் 2010க்குப் பின் வந்த சில படங்கள் இவ்வகை சார்ந்த முக்கியமான கேள்விகளை எழுப்பியுள்ளன.

பின்னணி

ஆவணப்படத்தின் தொடக்கமாகக் கருதப்படும் ராபர்ட் ஃபிளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' (1922) படத்திலேயே புனைவு உண்டு. நானூக்காகத் தோன்றியவரின் உண்மைப் பெயர் அல்லகாரியாலக். அக்காலத்தில் இனூயிட் மக்கள் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். எனினும் ஈட்டியால் வேட்டையாடும்படி ஃபிளாஹர்ட்டி அவர்களைக் கேட்டுக்கொண்டார். பார்வையாளர்களுக்கு இது சொல்லப்படவில்லை.

இதற்கு நேரெதிரான வழியில் சென்றது ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990). இயக்குநர் மக்மல்பஃப் தானே என்று சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றிய சப்ஸியானின் வழக்கு இப்படத்தின் பொருள். சப்ஸியானும் அக்குடும்பத்தினரும் தாமாகவே நடித்தனர். எது விசாரணையின் பதிவு, எது மீண்டும் நடித்துக் காட்டப்பட்டது என்ற ஐயம் படம் முழுக்கப் பார்வையாளருடன் இருக்கிறது. ஒரு படம் தன் ஒட்டுத்தையலை மறைக்கிறதா, காட்டுகிறதா என்பதே இவ்வகைப் படங்களை மதிப்பிட உதவும் முதன்மையான அளவுகோல் எனலாம். தமிழ்ப் படங்களுக்கும் அது பொருந்தும்.

செங்கடல் (2011)

லீனா மணிமேகலை இயக்கிய 'செங்கடல்' தமிழில் இவ்வகையின் தெளிவான எடுத்துக்காட்டு. எழுத்தாளர் ஷோபாசக்தி இதன் திரைக்கதையில் பங்கேற்றார். ஒளிப்பதிவு எம்.ஜே. ராதாகிருஷ்ணன். களம் தனுஷ்கோடி. இலங்கைக் கடற்படையால் தாக்கப்படும் மீனவர்களும், போரிலிருந்து தப்பிக் கடல் கடந்து வரும் அகதிகளும் படத்தின் மையம். மீனவர்களும் அகதிகளும் படத்தில் நடித்தனர். அவர்களைப் படம்பிடிக்க வரும் மணிமேகலை என்ற இயக்குநராக லீனாவே நடித்தார்.

இயக்குநரே சட்டகத்துக்குள் வந்து நிற்பதால், பிறர் துயரத்தை ஒருவர் வெளியிலிருந்து வந்து பதிவு செய்கிறார் என்ற உண்மை மறைக்கப்படுவதில்லை. கேமராவை ஏந்தியவரின் கையாலாகாத நிலையும் கதையின் பகுதியாகிறது. இந்த முறையில் குறையும் உண்டு. சில இடங்களில் இயக்குநரின் தவிப்பு முன்னுக்கு வந்து மீனவர்களின் வாழ்க்கை பின்னகர்கிறது. எனினும் பார்வையாளர் யாருடைய கண்களால் பார்க்கிறார் என்பது தெளிவாகவே இருக்கிறது.

இந்திய, இலங்கை அரசுகளைப் பற்றிய விமர்சனங்களையும் வசைச்சொற்களையும் காரணம் காட்டித் தணிக்கை வாரியம் 2011 தொடக்கத்தில் இப்படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு வெட்டு இல்லாமல் 'ஏ' சான்றிதழ் வழங்கியது. கதைப்படம் என்பதால் 'இது வெறும் கற்பனை' என்ற பாதுகாப்பு இப்படத்துக்குக் கிடைக்கவில்லை. அதன் பேச்சு சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

நிலமும் மக்களும்

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021) ஆகியவை கதைப்படங்களே. ஆயினும் அவற்றின் வலிமை ஆவணத்தன்மையில் இருக்கிறது. முதல் படத்தில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறும் ரெங்கசாமிக்குத் துண்டு நிலம் வாங்குவதே கனவு. அந்த நிலம் கைவிட்டுப் போகிறது. அங்கே நிற்கும் காற்றாலைக்கு அவனே காவலாளியாகிறான். படத்தில் பெரும்பாலும் அப்பகுதி மக்களே நடித்ததால் மலைப்பாதையும் சுமையும் நடையும் நடிப்பாகத் தெரிவதில்லை.

'கூழாங்கல்' இயக்குநரின் தங்கைக்கு நேர்ந்த நிகழ்விலிருந்து பிறந்தது. ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. வறண்ட நிலத்தில் ஊற்று நீருக்காகப் பெண்கள் காத்திருக்கும் இறுதிக் காட்சியில் கதை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. தண்ணீர் சுரக்கும் நேரமே படத்தின் நேரமாகிறது. இவ்விரு படங்களும் எந்தத் தனி நிகழ்வையும் நிரூபிக்க முயலவில்லை. அதனால் இவற்றின் புனைவு யாருடைய வரலாற்றையும் மாற்றுவதில்லை.

ஜெய் பீம் (2021)

த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' வேறு வகையான சிக்கலை முன்வைக்கிறது. 1993 மார்ச்சில் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவல்துறையினரின் சித்திரவதையால் இறந்தார். அவரது மனைவி பார்வதிக்காக வழக்கறிஞர் சந்துரு உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். படத்தில் ராஜாக்கண்ணு, சந்துரு ஆகிய பெயர்கள் அப்படியே உள்ளன. பார்வதி மட்டும் செங்கேணி ஆகிறார். உண்மையில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த குடும்பம் படத்தில் இருளர் குடும்பமாகிறது.

இருளர் மக்கள் மீதான பொய் வழக்குகளைப் பேச இம்மாற்றம் உதவியது. நடிகர்கள் அம்மக்களுடன் பழகிப் பயிற்சி பெற்றனர். படத் தயாரிப்பாளர்கள் பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கினர். பார்வதிக்கு 10 லட்சம் ரூபாய் வைப்புநிதியும் அறிவிக்கப்பட்டது. படம் பலரை இவ்வழக்கைத் தேடிப் படிக்க வைத்தது. இவை மறுக்க முடியாத பயன்கள்.

ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறப்பிலேயே குற்றவாளிகளாக முத்திரை குத்தப்பட்டவர்கள் குறவர்கள். திருட்டு நடந்தால் அவர்களைத் தேடிச் செல்லும் காவல்துறைப் பழக்கத்துக்கு அந்த வரலாறே வேர். சமூகத்தின் பெயர் மாறும்போது அந்த வேரும் பார்வையிலிருந்து மறைகிறது. உண்மைச் சம்பவம் என்ற அறிவிப்புடன் வந்த படம் எதை மாற்றியது என்பதைத் தன் கதைக்குள் சொல்லவில்லை. படத்தை மட்டும் பார்த்த மாணவர் அதையே வழக்கின் வரலாறாக நினைவில் கொள்ள வாய்ப்புண்டு.

வட்டாரமும் பிம்பமும்

ராஜாக்கண்ணு இறந்தபோது முதனையும் தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டும் ஒரே தென்ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. மூங்கில்துறைப்பட்டு பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. கரும்பு வயல்கள், கூட்டுறவு சர்க்கரை ஆலை, அருகில் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த கல்வராயன் மலை, அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிகள் என்று இவ்வட்டாரத்துக்குப் பல அடுக்கு வாழ்க்கை உண்டு. திரையில் இவை அரிதாகவே வந்துள்ளன.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது செய்திக் கேமராக்கள் இங்கு குவிந்தன. சாராயமும் சாவும் என்பதே வெளியூர்க்காரர்களின் மனத்தில் இம்மாவட்டத்தின் பிம்பமாகத் தங்கியது. நாளை அந்நிகழ்வை ஒருவர் படமாக்கினால் உண்மைப் பெயர்கள், உண்மைத் தெரு, செய்திக் காட்சிகள் எல்லாம் அவருக்கு எளிதில் கிடைக்கும். யாருடைய பெயரை வைப்பது, யாருடையதை மாற்றுவது, மாற்றியதைச் சொல்வதா என்ற முடிவுகளே கடினமானவை.

மதிப்பீடு

ஆவணத்தையும் புனைவையும் கலப்பது தவறல்ல. பதிவு செய்யப்படாத வன்முறையை நடித்துக் காட்டுவது தவிர வேறு வழி பல நேரங்களில் இருப்பதில்லை. லாக்கப்புக்குள் நடந்ததை எந்தக் கேமராவும் பார்க்கவில்லை. எனவே புனைவு இங்கு ஒரு தேவை. ஆனால் உண்மையின் பெயரைக் கடன் வாங்கும் படத்துக்கு, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. 'செங்கடல்' அந்தக் கணக்கைத் திரையிலேயே திறந்து வைத்தது. 'ஜெய் பீம்' உதவித்தொகையாலும் விழிப்புணர்வாலும் ஒரு பகுதியைத் தீர்த்தது. குறவர் என்ற பெயர் மட்டும் இன்னும் பாக்கியில் நிற்கிறது.